ஒன்பது நாளும் இரண்டு நாளும்

பிரிஸ்டல்
20 மார்ச் 1984, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

சனிக்கிழமை கப்பல் கிளம்பிவிடும், அதற்குள் இதைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். நாலு முறை தொடங்கிக் கிழித்தாயிற்று. ஹெஸ்டர் இப்போதுதான் தூங்கினாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தாமல் படியுங்கள்.

டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். இதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கிற சுவரில் ஓட்டை. சிறியதாக இருந்தால் வளர வளரத் தானே மூடிக்கொள்ளுமாம். இது மூடாதாம். பால் குடிப்பதே அவளுக்கு மலையேறுகிற வேலையாக இருக்கிறது. இரண்டு அவுன்ஸ் உள்ளே போவதற்குள் நெற்றி வியர்த்து, உதடு நீலம் பாரித்து, களைத்துத் தூங்கிவிடுகிறாள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிமிடத்துக்கு அறுபது, சில நேரம் எழுபது. எண்ணாதே என்கிறான் உங்கள் மாப்பிள்ளை கெரெத். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை இருக்கிறது. முப்பது பிள்ளைகளை எண்ணிவிட்டு வீட்டுக்கு வருகிறான். எனக்கு எண்ண இவள் ஒருத்திதான்.

அறுவை சிகிச்சைக்கு ஜூன் 5 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் கொஞ்சம் எடை ஏற வேண்டும்.

அப்பா, வாருங்கள்.

இதை எழுதத்தான் நாலு தாள் கிழிந்தது. உங்கள் உத்தியோக வரலாறு எனக்கு மனப்பாடம். சோபியா, மொன்டேவீடியோ, லண்டனில் மூன்று வருடம், லாகோஸ், இப்போது செயின்ட் ஆல்வின் தீவுக்கு ஆளுநர். என்னுடைய எந்த வயதில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பட்டமளிப்புக்கு மொன்டேவீடியோவிலிருந்து தந்தி வந்தது. கல்யாணத்துக்கு லாகோஸிலிருந்து தந்தியும் ஒரு வெள்ளித் தட்டும் வந்தன. தட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நான் எதற்கும் வாருங்கள் என்று கேட்டதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால். இப்போது கேட்கிறேன். இவளுக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை அறுவை அறைக்குள் தனியாக அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹாரியட்

*

ஆளுநர் மாளிகை, செயின்ட் ஆல்வின் தீவு
8 ஏப்ரல் 1984

அன்புள்ள ஹாரியட்,

1. உன் 20 மார்ச் தேதியிட்ட கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது.

2. வருகிறேன். மே 18 அன்று இங்கிருந்து புறப்படும் கப்பலில் என் அறையைப் பதிவு செய்தாயிற்று. ஜூன் 1 பிரிஸ்டல் துறைமுகம். விடுப்புக்கு லண்டன் தந்தியில் சம்மதம் தந்துவிட்டது.

3. ஜூன் 9 அரசியாரின் பிறந்தநாள் அணிவகுப்பு. எனக்குப் பதிலாகச் செயலர் கார்வர் மரியாதையை ஏற்பார். வெள்ளை இறகுத் தொப்பி அவர் தலைக்குப் பெரிது, கண் வரைக்கும் இறங்குகிறது. உள்ளே செய்தித்தாள் திணித்துச் சரி செய்யலாம் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். அந்தத் தொப்பியைத் தலையில் வைத்தாலே இந்தத் தீவு சிரிக்கும். நான் வந்த பதினாறு மாதமாகச் சிரிக்கிறது. கார்வருக்குப் பழகிவிடும்.

4. நீ அனுப்பிய புகைப்படத்தில் குழந்தையின் காது உன் அம்மாவின் காது.

5. மூச்சை எண்ணுவதில் தவறில்லை. நானும் எண்ணியிருப்பேன்.

எ. லா.

*

பிரிஸ்டல்
28 ஏப்ரல் 1984

அன்புள்ள அப்பா,

பெற்ற மகளுக்கு எழுதும் கடிதத்திலும் பத்திக்கு எண் போட்டு, கோப்பில் போடுவது போல எ. லா. என்று பெயரைச் சுருக்கி ஒப்பமிடுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இரண்டாம் எண்ணைப் பத்து முறை படித்தேன். கெரெத்திடமும் படித்துக் காட்டினேன். "அவர் வராரா? நிஜமாவா? எந்த எண்ல போட்டிருக்கு?" என்றான். மாடியறையைச் சுத்தம் செய்கிறான். ஹெஸ்டர் அரை பவுண்டு ஏறியிருக்கிறாள்.

நீங்கள் வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நேரில் என்னால் முடியாது. நீங்கள் உடனே பேச்சைச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுவீர்கள்.

சோபியாவில் அம்மா இறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் இருந்தேன், நுழைவுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு முடியும் வரை ஹாரியட்டிடம் சொல்ல வேண்டாம் என்று தலைமை ஆசிரியைக்குத் தந்தி கொடுத்தீர்கள். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

மிகச் சந்தோஷமாகக் கழித்தேன், அப்பா. அதுதான் விஷயம். அதுவரை அந்தப் பள்ளியில் என்னை யாருக்கும் பிடிக்காது. 'தூதரகம்' என்று கேலி செய்வார்கள். திடீரென்று சமையல்கார அம்மா எனக்கு மட்டும் இரண்டாவது கரண்டி கஸ்டர்டு போட்டார். என் தலைமுடியை இழுத்துக்கொண்டே இருந்த ப்ரூடன்ஸ் அதே முடியை உட்கார்ந்து பின்னிவிட்டாள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கணக்கு டீச்சர் தோளில் கை வைத்தார். எல்லாருக்கும் என்னைப் பிடித்துப் போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு எழுதினேன்: 'இங்கே எல்லாரும் இப்போது என் சிநேகிதிகள். நீ கவலைப்படாதே.' அந்தக் கடிதம் சோபியாவுக்கு வந்திருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பத்தாம் நாள் பிரெஞ்சுத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. சமையல்கார அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ப்ரூடன்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கஸ்டர்டு தின்று சிரித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாது. தேர்வில் தேறினேன்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு வாக்குறுதி வேண்டும். இனி நமக்குள் யாரும் யாருக்கும் நேரம் பார்த்துச் செய்தி சொல்லக் கூடாது. நல்லதோ கெட்டதோ, நடந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நான் அப்படிச் செய்வேன். நீங்களும் செய்யுங்கள்.

ஜூன் 1 துறைமுகத்தில் நிற்கிறேன். ஹெஸ்டரையும் கூட்டி வருகிறேன், காற்று அடிக்காவிட்டால்.

ஹாரியட்

*

ஆளுநர் மாளிகை
17 மே 1984

அன்புள்ள ஹாரியட்,

1. உன் வாக்குறுதிப்படி முதல் செய்தியை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைய கப்பலில் நான் வரவில்லை. காரணம் தந்தியில் அடங்காது, அதனால் கப்பலிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

2. ஜோசி யார்ட்லி, ஆறு வயது. அப்பா மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். சிறுநீரகத்தில் கட்டி என்று இங்குள்ள டாக்டர் நேற்றுக் கண்டுபிடித்தார். ஜூன் கடைசியில் போகும் கப்பல் வரைக்கும் தாங்காது என்கிறார். கப்பலில் பதின்மூன்று படுக்கை. அதில் இரண்டு படுக்கை ஆளுநருக்கென்று ஒதுக்கிய அறையில் இருக்கின்றன. தாயும் பிள்ளையும் சேர்ந்து போக வேறு அறை கிடையாது.

3. நான் ஒரு ஒற்றைப் படுக்கையில் வரலாம், அதற்கு வேறு ஒருவரை இறக்கிவிடலாம் என்று கார்வர் சொன்னார். பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவன் நான். இரண்டு கர்ப்பிணிகள், கண்புரை எடுக்கப் போகும் ஒரு கிழவர், படிப்புக்குப் போகும் பிள்ளைகள். அரை நாள் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் பெயரையும் அடிக்கக் கை வரவில்லை. என் பெயரை அடிப்பதுதான் எளிதாக இருந்தது.

4. ஜோசியின் தாய் டெல்ஃபீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்துச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது இவ்வளவுதான்: "கப்பல் ஆடுனா இவ வாந்தி எடுப்பா ஐயா. உங்க மெத்தையா இருந்தாலும் எடுப்பா. பரவாயில்லியா?"

5. அவர்களுக்கு இங்கிலாந்தில் ஒருவரையும் தெரியாது. ஜோசியை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கிறார்கள். இதை உன்னிடம் கேட்கக் கூடாது என்று தெரியும். முடிந்தால் போய்ப் பார்.

6. அந்த ஒன்பது நாளைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறாவது எண் அதற்காகத்தான். ஒன்றும் வரவில்லை.

எ. லா.

*

பிரிஸ்டல்
3 ஜூன் 1984, ஞாயிறு

அப்பா,

துறைமுகத்தில் போய் நின்றேன். கடைசி ஆள் இறங்கும் வரை நின்றேன். மெலிந்த ஒரு பெண், கம்பளிக்குள் ஒரு சிறுமி, கையில் உங்கள் எழுத்தோடு ஓர் உறை. "நீங்கதான் சேவலோட மகளா, கண்ணு?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் இறகுத் தொப்பிக்குத் தீவில் அதுதான் பெயராமே. உறையை அங்கேயே பிரித்துப் படித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். படித்ததும் என் முகம் போன போக்கில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "அவரு உங்களப் பாக்க வர இருந்த எடத்துலதான் நாங்க வந்தோம்னு எங்ககிட்ட யாரும் சொல்லல" என்றாள். பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்தினாள்.

நீங்கள் செய்தது நியாயம். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். அதனால்தான் என்னால் கத்தவும் முடியவில்லை. எப்போதும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கும். சோபியாவிலும் இருந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத நியாயங்களை வைத்தே இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டீர்கள்.

போய்ப் பார்த்தேன். வேறு எங்கே போவேன், இரண்டு பேருக்கும் ஒரே மாடியில் படுக்கை. டெல்ஃபீன் வாய் ஓயாமல் பேசுகிறாள். பயந்தால் பேசுவாளாம். உங்கள் மேசையில் ஹெஸ்டரின் படம் இருக்கிறதாம். "மீன் விலையப் பத்தி முறையிடப் போனாலும் மொதல்ல போட்டோவப் பாத்தாகணும். காதப் பாருங்கம்பாரு. நாங்களும் காதப் பாத்துட்டுத்தான் விலையப் பேசுவோம்." என்னிடம் நீங்கள் காதைப் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள்.

தீவில் ரகசியமே கிடையாது என்கிறாள். தந்தி நிலையத்தில் ஈவா ஸ்டோக் என்று ஒருத்தி. யாருக்குத் தந்தி வந்தாலும் அவர்கள் கைக்குப் போவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடுமாம். நல்லது. அப்படியானால் உங்களுக்கும் சீக்கிரம் தெரியும்.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹெஸ்டரை உள்ளே கொண்டுபோகிறார்கள். மூச்சு இப்போது எழுபத்திரண்டு.

ஹாரியட்

*

பிரிஸ்டல்
9 ஜூன் 1984, சனிக்கிழமை காலை

அப்பா,

செவ்வாய்க்கிழமை ஓட்டையை அடைத்தார்கள், உடனே தந்தி கொடுத்தேன். புதன் முழுக்க நன்றாக இருந்தாள். வியாழன் மதியம் இதயம் தளர்ந்துபோனது. மாலை நாலு இருபதுக்கு இறந்துவிட்டாள். என் கையில்தான்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். 'ஹெஸ்டர் இன்று மாலை இறந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் சொல்வதாகச் சொன்னேன். ஹாரியட்.' வார்த்தைகளை எண்ணி எண்ணிச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் திரும்பப் படித்துக் காட்டும்போது அழுதாள். நான் அழவில்லை.

வெள்ளி முழுக்கப் பதில் இல்லை. இன்று காலை தந்தி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, போய்ச் சேரவில்லையோ என்று கேட்டேன். வியாழன் இரவே ஆளுநர் மாளிகையில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

ஆக, உங்களிடம் இருக்கிறது. இன்று அணிவகுப்பு. அது முடியட்டும் என்று வைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு மகளுக்கு எழுதலாம். மாற மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் இரண்டு நாளாகக் கதவு மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்காக என் மேல்தான் கோபம் வருகிறது.

டெல்ஃபீன் இங்கேதான் இருக்கிறாள். ஜோசிக்குத் திங்களன்று அறுவை. தன் பிள்ளையை நர்சிடம் விட்டுவிட்டு வந்து, என் வீட்டில் பால் புட்டிகளைக் கழுவி, துடைத்து, எனக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம். தொப்பியைக் கழற்றியதும் இதைப் படியுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஹாரியட்

*

ஆளுநர் மாளிகை
9 ஜூன் 1984

ஹாட்டி,

கப்பல் இருபத்தேழாம் தேதிதான் போகும். அதுவரை இந்தக் கடிதம் இங்கேதான் கிடக்கும். ஆனாலும் இன்றைக்கே எழுதுகிறேன். எண் போட வரவில்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு வெள்ளைச் சீருடையில், தொப்பியோடு, வாளோடு மைதானத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைத் தந்திக்குப் பிறகு உன்னிடமிருந்து வேறு தந்தி வராததால் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குள் சொல்வேன் என்றாயே, சொல்லவில்லை என்றால் பிள்ளை தேறிவிட்டது, நீ தூங்குகிறாய் என்று.

காரிலிருந்து இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

போன வருடம் இறங்கியதுமே மதில்மேல் உட்கார்ந்த பையன்கள் சேவல் மாதிரிக் கூவினார்கள். சாராயக் கடை ஆம்ப்ரோஸ் கிழவர் "தானியம் வேணுமா ஐயா?" என்று உரக்கக் கேட்டார். இந்த வருடம் அதே மதில், அதே பையன்கள், சத்தமில்லை. ஆம்ப்ரோஸ் தன் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். நான் கடந்துபோனபோது மீன்காரப் பெண்கள் எழுந்து நின்றார்கள். பேண்டு வாத்தியம் மெதுவாக வாசித்தது. பூச்செண்டு கொடுக்க வந்த சிறுமி என்னைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள், மேடைக்குப் பயம் என்று நினைத்து அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

ஹாட்டி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் எந்த ஊரிலும் என்னை யாருக்கும் பிடித்ததாகத் தெரியவில்லை, மதித்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் ஓர் ஊருக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். விருந்தில் இரண்டு கோப்பை மது குடித்தேன். பேச்சில் ஒரு வேடிக்கை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லாரும் அன்பாகப் பார்த்தார்கள். யார்ட்லி குடும்பத்துக்கு அறையைக் கொடுத்ததால்தான் இந்த மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒன்றரை மணிக்கு விருந்தாளிகள் போனதும் கார்வர் கதவைச் சாத்திவிட்டு மடித்த தாளைக் கொடுத்தார். வியாழன் தேதி.

படித்தேன். இரண்டு நாள் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். நான் வந்த முதல் மாதம் எழுதிய குறிப்பு: 'பொது நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு நாட்களில் வரும் சொந்தச் செய்தி எதுவும், எவ்வளவு அவசரமானாலும், நிகழ்ச்சி முடியும் வரை ஆளுநரிடம் தரப்படக் கூடாது.' கீழே எ. லா. லாகோஸில் என் மேலதிகாரி ஒருவர் மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு தம்பி இறந்த செய்தியை வாங்கி, ஐந்நூறு பேர் முன்னால் உடைந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு நிலை எனக்கு வரக் கூடாது என்று எழுதியது. சரியான குறிப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

வாசலில் ஈவா ஸ்டோக் நின்றுகொண்டிருந்தாள். தந்தியை வியாழனன்றே அவளே நடந்து கொண்டுவந்திருக்கிறாள். கார்வர் வாசலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம். இன்று அவள் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னாள்: "ரெண்டு நாளா தெரு பூரா அழுதுட்டு இருக்கு ஐயா. உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு கோப்புல எழுதியிருக்காம். எந்தப் பாவி எழுதுனான்னு கேட்டேன். நீங்கதான்னாங்க."

மதில்மேல் இருந்த பையன்களுக்குத் தெரியும். ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். என் கழுத்தைக் கட்டிக்கொண்ட சிறுமிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

உன் கஸ்டர்டு கடிதம் மேசையில் இருக்கிறது. மே மாதத்திலிருந்து எத்தனையோ முறை படித்துவிட்டேன். அதைப் போல எனக்கு வெறும் இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. உனக்கு ஒன்பது.

ஈவாவோடு நடந்துபோய் நானே தந்தியை எழுதிக் கொடுத்தேன்.

அப்பா

*

பிரிஸ்டல்
10 ஜூன் 1984, ஞாயிறு

அப்பா,

உங்கள் தந்தி நேற்று ராத்திரி வந்தது. 'இன்று மதியம்தான் எனக்குச் சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அப்பா.'

அந்த நடு வாக்கியம் போதும். வேறு விளக்கம் வேண்டியதில்லை. எங்கே நின்று அதை எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

ஆனால் நேற்றுக் காலை நான் ஒரு கடிதம் எழுதித் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். நாளைக் கப்பலில் அதுவும் வரும். கெரெத் இன்று காலை போய்ப் பெட்டிக்குள் கையை விட்டான். கை முழங்கை வரைக்கும் போய் மாட்டிக்கொண்டது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியதாயிற்று. கடிதம் கிடைக்கவில்லை. நானும் அவனும் நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தோம், பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது. வியாழனுக்குப் பிறகு முதல் முறை.

ஆகவே இதை முதலில் படியுங்கள். மற்றதைப் பிரிக்காமல் எரித்துவிடுங்கள். நீங்கள் தேதி வரிசைப்படிதான் பிரிப்பீர்கள், தெரியும். ஒரு முறை வரிசையை மீறுங்கள்.

அவள் கடைசி வரை கண் திறந்திருந்தாள். என் விரலைப் பிடித்திருந்தாள். மூச்சை நான் எண்ணவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போனது. அம்மாவின் கடைசி நாள் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, நீங்கள் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஹாட்டி

*

ஆளுநர் மாளிகை
26 ஜூன் 1984

ஹாட்டி,

தேதி வரிசைப்படிதான் பிரித்தேன். பழக்கம். 3ஆம் தேதிக் கடிதத்துக்கு அடுத்து 9ஆம் தேதிக் கடிதம்தான் கைக்கு வந்தது. எரிக்க மாட்டேன். அதில் இந்த முறைக்குப் பொருந்தாதது இருக்கிறது, போன முறைக்கு, சோபியாவில் நான் செய்ததற்கு, பொருந்தாதது ஒரு வரிகூட இல்லை. பதினைந்து வருடம் முன்பு எனக்கு வந்திருக்க வேண்டிய கடிதம்.

அந்தக் குறிப்பைக் கோப்பிலிருந்து கிழித்துவிட்டேன். லண்டனுக்கும் தந்தி கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் முன்னதாகவே விடுவிக்கச் சொல்லிக் கேட்டேன், சரி என்றார்கள். தொப்பி இந்தத் தீவிலேயே இருக்கட்டும். அடுத்தவர் தலை எப்படியோ. ஜோசிக்கு நல்லபடியாக முடிந்தது என்று ஈவா தந்தி வந்த ஐந்தாவது நிமிடம் ஓடி வந்து சொன்னாள். இப்போதெல்லாம் அவள் கதவைத் தட்டுவதில்லை. நல்ல செய்திதான். கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் அம்மா. ஜூன் மாதம், சோபியாவில் செர்ரிப் பழம் மலிவு. உனக்கு அனுப்ப ஜாம் செய்கிறேன் என்று கூடை நிறைய வாங்கி, சமையலறை மேசையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது தரையில் கிடந்தாள். கையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று பயந்துபோனேன். பழச்சாறு. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் விடியும் வரை இருந்தாள். நினைவு வந்து வந்து போனது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். சாயங்காலம் ஒரு முறை தெளிவாக விழித்தாள். "ஹாட்டி வராளா?" என்று கேட்டாள். "கிளம்பிட்டா, ராத்திரிக்குள்ள வந்துருவா" என்றேன். அதற்கு நல்ல கவுனாகப் போட்டுவிடச் சொன்னாள், தலையை வாரிவிடச் சொன்னாள். வாரிவிட்டேன். வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். ராத்திரி இரண்டு முறை, "கதவுச் சத்தமா?" என்று கேட்டாள்.

நீ கிளம்பவில்லை. உனக்கு நான் சொல்லவே இல்லை. அவளிடம் பொய் சொன்ன பிறகு உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேர்வு ஒரு சாக்கு. ஒன்பது நாள் உன்னைக் காப்பாற்றியதாக ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டாள் என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். உன் சிநேகிதிகளைப் பற்றி நீ எழுதிய கடிதம் அவள் போய் ஒரு வாரம் கழித்து வந்தது. அதைப் பிரித்துப் படித்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

நாளைக் கப்பலில் நானும் வருகிறேன். ஒற்றைப் படுக்கை, யார் பெயரையும் அடிக்கவில்லை, பட்டியலில் ஓர் இடம் மிச்சமிருந்தது. இந்தக் கடிதத்தைத் தபால் பையில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன். இதை என்னால் வாயால் சொல்ல முடியாது. பேச்சைச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுவேன்.

ஜூலை 11. துறைமுகத்தில் நீ மறுபடி நிற்க வேண்டாம் என்றுதான் முன்னாலேயே சொல்லவில்லை. உன் வீட்டுக் கதவில் கடிதம் போடும் துளை வழியாக இதை உள்ளே தள்ளிவிட்டு வாசல் படியில் நிற்பேன். படித்து முடித்த பிறகு திறப்பதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள். மெதுவாகப் படி. எனக்கு இனிமேல் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை.

அப்பா